கத்தி இல்லாத கடை

மச்சானைச் சாப்பிடக் கூப்பிட ஒரு கடை தேடி நான் மூன்று கிழமை நித்திரையில்லாமல் கிடந்தேன். மச்சான் என்றது என் மனைவியின் தம்பியை. எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. கடைசியாகப் பேசிய அன்று அவருடைய முன்பல்லை நான் மடக்குக் கதிரையால் அடித்து உடைத்திருந்தேன்.

அது என் மகள் வயதுக்கு வந்ததற்குச் செய்த சாமத்திய வீட்டில் நடந்தது. தாய்மாமன் முன்னுக்கு நிற்க வேண்டிய காரியம். அவருக்கு நேரில் போய்ச் சொல்லாமல் அழைப்பிதழைத் தபாலில் போட்டுவிட்டேன். அந்த மாதம் பனி கொட்டியது. ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பீலெஃபெல்டிலிருந்து அவருடைய ஊருக்கு நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம் காரோட எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வேலை என்று மனைவியிடம் சொன்னேன். மச்சான் மண்டப வாசலில் வந்து நின்று, “அத்தான், நானும் தபால்லைதான் வந்தனான். முத்திரையைக் குத்துங்கோ” என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். சனம் சிரித்தது. அவர் ஓரடி முன்னால் வைத்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வந்தவர்கள் இருக்க விரித்துப் போட எடுத்த கதிரை கையில் இருந்தது. பிறகு பார்த்தால் அவருடைய வெள்ளை வேட்டி முழுக்க இரத்தம். பட்டுச்சேலையோடு நின்ற பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது அவளுக்குக் கலியாணம். மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “என்ரை தம்பி மண்டபத்திலை நிக்காட்டி நான் மணவறைக்கு ஏறமாட்டன். தாரை வாக்க வேறை ஆளைப் பாருங்கோ.”

தாய் தண்ணீர் ஊற்றாமல் எப்படிக் கன்னிகாதானம் நடக்கும்? அவள் சொன்னால் செய்கிறவள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் ஹோட்டல் குசினிகளில்தான் வேலை. அங்கே ஒரு சமையல்காரன் மற்றவனின் புறங்கையில் முள்ளுக்கரண்டியை இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். கரண்டி மேசைப்பலகையில் குத்தி நின்றது. ஆகவே கடை தேடும்போது விலை, ருசி ஒன்றும் என் கண்ணில் படவில்லை, அடிக்க உதவும் சாமான்தான் பட்டது. இத்தாலியன் கடையில் வைன் போத்தல், கண்ணாடி. இறைச்சி வாட்டும் கடையில் ஆளுக்கொரு பல்லுக்கத்தி. தமிழ்க் கடை என்றால் நாங்கள் கைகழுவ முதல் கதை லண்டனுக்குப் போய்விடும்.

மகள்தான் தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். “அப்பா, இது கேஜன் சாப்பாடு. அமெரிக்காவிலை லூசியானாப் பக்கத்து ஆக்கள் சாப்பிடுறது. நண்டு, இறால், சோளப்பொத்தி எல்லாத்தையும் அவிச்சு மேசையிலை கொட்டுவினம். கையாலை சாப்பிடுறது.”

கையால் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். “மேசையில் கத்தி வைப்பீர்களா?” என்று என் ஜெர்மனில் கேட்டேன். பெண் சிரித்தாள். இல்லை, எங்களிடம் கைதான் என்றாள். அதையும் நம்பாமல் ஒரு மத்தியானம் போய்ப் பூட்டியிருந்த கடையின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். மேசைகளில் மண்ணிறக் கடதாசி விரித்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மச்சான் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டார் என்பதால் வியாழக்கிழமை ஆறு மணிக்கு மேசை சொல்லி வைத்தேன்.

நானும் மனைவியும் முதலே போய் இருந்தோம். அக்கா கூப்பிட்டதால் மச்சான் வந்தார். மயிர் நரைத்திருந்தது, தோள் இன்னும் அகலம். கடைக்காரப் பெண் எங்கள் மூவருக்கும் கழுத்தில் பிளாஸ்டிக் துண்டு கட்டினாள். பிறகு ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு மரச் சுத்தியலை வைத்தாள். நண்டு உடைக்க.



“ஆர் அத்தான் இந்தக் கடையைத் தேடிப் பிடிச்சது?” என்றார் மச்சான்.

“நான்தான்.”

“நல்ல கடை.” சுத்தியலைத் தூக்கி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். “கதிரை மடக்கிறதோ எண்டும் பாத்தனீங்களோ?”

“தம்பி, வாயை மூடிக்கொண்டு இரடா” என்றாள் மனைவி.

வாளியிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினார்கள். உருகிய வெண்ணெயும் உள்ளியும் மிளகாயும் கடதாசியில் ஓடின. மச்சான் ஒரு நண்டை இழுத்து ஓட்டில் ஓங்கி அடித்தார். கோதுத் துண்டொன்று பறந்து என் கன்னத்தில் வெட்டியது. நான் துடைக்கவில்லை. அடுத்த நண்டு, அதன் கால், அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் மேசை துள்ளியது. பக்கத்து மேசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

இனிச் சொல்லாவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று நினைத்து, சட்டைப் பையிலிருந்து கலியாண அழைப்பிதழை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன். அவசரத்தில் அது நண்டுக் கோதுக்குள் விழுந்தது. வெண்ணெய் அதில் அச்சடித்திருந்த பிள்ளையாரில் ஊறியது.

“மச்சான், பிள்ளையின்ரை கலியாணம். நீங்கள் வரவேணும்.”

அவர் அழைப்பிதழைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “நீ இப்பவும் வீட்டுக்கு வரேல்லை” என்றார். நீ என்றார். “எச்சில் மேசையிலை வைச்சோடா எனக்குச் சொல்லுறாய்?”

சுத்தியல் மேலே போனது.

நண்டுக்கா, எனக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பாய்ந்து வலக்கையால் அதைத் தடுத்தேன். இறங்கிய சுத்தியல் என் விரல்களில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நோவு வருமுன் என் இடக்கை அவருடைய மூக்கில் இறங்கிவிட்டது. அவர் என் கழுத்துத் துண்டைப் பிடித்து முறுக்கி இழுத்தார். எனக்கு மூச்சு நின்றது. நான் அவருடைய மணிக்கட்டைக் கடித்தேன். மேசை சரிந்தது. சூடு ஆறாத வெண்ணெய் மனைவியின் மடியில் கொட்டியது. அவள் கத்தவில்லை. எழும்பி வந்து என் கன்னத்தில் ஒன்று, தம்பியின் கன்னத்தில் ஒன்று, முழுக் கையால் விட்டாள்.

“ரெண்டு பேரும் சாவுங்கோ. என்ரை பிள்ளையின்ரை கலியாணம் முடிய, ஆறுதலாச் சாவுங்கோ.”

பொலிஸ் வந்தது. மச்சான் சுவரோடு நின்றார், மூக்கால் இரத்தம் ஓடியது. முறைப்பாடு கொடுக்கிறாயா என்று என்னைக் கேட்டார்கள். “அவர் நண்டுக்குத்தான் அடித்தார். நான்தான் கையை வைத்தேன்” என்றேன். அவருடைய மூக்கைப் பற்றிக் கேட்டார்கள். மச்சான் என்னைப் பார்க்காமல், “வழுக்கி விழுந்தேன்” என்றார். பொலிஸ்காரர் இருவரும் ஆளையாள் பார்த்தார்கள். இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று கடைக்காரப் பெண் எங்களுக்குச் சொன்னாள்.

வாசலில் மச்சான் ஒரு பிடி கடதாசியை மூக்கில் வைத்து அமத்திக்கொண்டு மனைவியிடம் மட்டும் பேசினார். “அக்கா, என்ரை வீட்டுக் கதவு எங்கையெண்டு இந்த மனிசனுக்கு ஆரும் சொல்லேல்லையோ?” பிறகு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

மூன்று கிழமையாக நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன். கடைக்கு ஒருவரை வரவழைத்து அழைப்பிதழ் கொடுப்பது, தபாலில் போட்டதைவிடக் கேவலம் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ரயிலில் போனோம். வலக்கையில் பிளாஸ்டர். வழி முழுக்க எனக்கு ஒரே யோசினை. இடக்கையால் கொடுத்தால் அதுவும் அவமதிப்பு, பிறகு அதற்கொரு அடிபாடு. மனைவியைக் கொடுக்கச் சொன்னேன். “பல்லை உடைச்சவர் குடுங்கோ” என்றாள்.

மச்சான் கதவைத் திறந்தார். மூக்கு வீங்கி, இரண்டு கண்ணுக்குக் கீழும் கறுத்திருந்தது. நான் புதிய அழைப்பிதழை இடக்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“வலக்கையாலை தாங்கோ” என்றார்.

“ஏலாது மச்சான். விரல் மடங்குதில்லை.”

“நான் உடைச்ச கைதானே. தாங்கோ.”

அழைப்பிதழைப் பிளாஸ்டரின் மேல் வைத்து நீட்டினேன். நோவு தோள்வரை ஏறியது. அவர் உடனே எடுக்கவில்லை. பிளாஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து, வாசலிலேயே நின்று முழுவதும் வாசித்தார்.

“நான் எத்தினை மணிக்கு அங்கை நிக்கவேணும்?”

மனைவி முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

“ஆறரைக்கு” என்றேன். முகூர்த்தம் ஒன்பதரைக்குத்தான். ஆறரை வீட்டுக்காரர் மண்டபம் திறக்கும் நேரம்.