பொல்லு இல்லை

பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிக் களப்புத் தண்ணீரோரமாக நடந்துகொண்டிருந்தோம். அக்காவின் மகள் முன்னால் போனாள். நாலாம் வகுப்பு. வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

“மாமா, நான் மொக்கா, மூள இல்லாதவளா?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“ஆர் சொன்ன?”

“வகுப்புப் பொடியனுகள். டீச்சரும் அப்பிடித்தான் பாக்கிறா.”

வாகரைப் பக்கத்திலிருந்து சண்டைக்குப் பயந்து ஓடிவந்து, தன்னாமுனைக்குக் கிட்டத் தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலம் அது. சுனாமி வீட்டைக் கொண்டுபோனது. மிச்சமாயிருந்த ஊரைச் செல் குண்டு கொண்டுபோனது. நான் ஓரிடத்தில் தரிக்கிறவன் அல்ல. அறுவடைக்குப் பொலன்னறுவை, மீனுக்குத் திருகோணமலை என்று அலைந்தவன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அக்கா காய்ச்சலில் கிடந்ததால்தான் அன்று பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டதற்கு நான் போனேன். பிள்ளையை நாலாம் வகுப்பிலிருந்து எடுத்து முதலாம் வகுப்பில் இருத்தப் போகிறார்களாம்.

காரணம் ஒரு சோதனை. மூளை வளர்ச்சி பற்றிப் பயிற்சி பெற்று வந்த ஓர் அலுவலர் அம்மா, படங்களைக் காட்டி, இதில் என்ன குறைகிறது என்று கேட்டிருக்கிறார். முதல் படம் கதவில்லாத வீடு. “ஒண்டும் குறையல்ல” என்றிருக்கிறாள் எங்கள் பிள்ளை. அடுத்தது, ஒரு கால் இல்லாத மனிதன். “பொல்லு இல்ல” என்றிருக்கிறாள்.

இரண்டும் பிழையாம்.

தறப்பாள் கொட்டிலுக்கு ஏது கதவு? அவள் கண்ட ஒற்றைக்கால் மனிதர்கள் எல்லாரும் கக்கத்தில் பொல்லு வைத்துத்தான் நிற்கிறார்கள். பொல்லில்லாவிட்டால் விழுவார்கள்.

“அம்மா, அவள் கண்டதைத்தானே சொன்னாள்?” என்று அதிபரின் அறையில் இருந்த அந்த அலுவலரிடம் கேட்டேன்.

“விடை இதுதான் எண்டு இரிக்கி, தம்பி. மாத்த ஏலா. வகுப்பிலயும் தூங்கித் தூங்கி விழுறா.”

“ராவு முழுக்க எங்கட தலைக்கு மேலால செல் போகுது. நீங்களெண்டா நித்திரை கொள்ளுவீங்களா?”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

அதிபர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூளைக்கு நல்ல உணவு வேண்டும், உறக்கம் வேண்டும், பயமில்லாத இடம் வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய தாள் அந்த அறைச் சுவரில்தான் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டுதான் இவளுக்குக் குறை என்று எழுதினார்கள். வெறும் தேத்தண்ணியோடு வருகிற பிள்ளை, கதவு அடிபட்டாலே வாங்குப் பலகைக்குக் கீழே பாய்கிற பிள்ளை. தூங்கவிடாமல், தின்னக்கொடாமல், பயமுறுத்தி வைத்துவிட்டுப் பிறகு வந்து மூளையை அளக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு விளங்கிய இது அவர்களுக்கு ஏன் விளங்கவில்லை? அவளைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. அதிபர்.

“நில்லுங்க, தம்பி. அவ மேலிடத்து ஆள். அவக்கு முன்னால நான் கதைக்க ஏலா.”

“உங்களுக்கும் வாய் இரிக்குத்தானே, சேர்?”

அவர் முகம் சுருங்கியது. “அவ இனி அடுத்த தவணைக்குத்தான் வருவா. அதுக்குள்ள புள்ள முழிச்சிருந்து படிச்சா நாலிலயே வெச்சிருக்கலாம். விடியக் கஞ்சி குடுத்தா எல்லாப் புள்ளையளும் கொஞ்சம் நிமிருங்கள். அரிசி இரிக்கி. காய்ச்சிற மனுசிமார்தான் செல்லுக்குப் பயந்து வாறல்ல.”

“நான் காய்ச்சிறன். இவள் நாலாம் வகுப்பு வாங்கிலதான் இரிப்பாள். ஓமெண்டு சொல்லுங்க.”

அவர் வீதியைப் பார்த்தார். களப்பைப் பார்த்தார். “ஓம்” என்றார்.

“மாமா, உங்களுக்குக் காய்ச்சத் தெரியாதே!”

“தெரியும், புள்ள. மீன் வாடியில எவ்வளவு பேருக்குக் காய்ச்சினனான்.”

“அது அடிப்பிடிச்ச கஞ்சி எண்டு அம்மா சொன்னா.”

அதிபர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடிய, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல் வைத்து அடுப்பு மூட்டினேன். வல்லாரையை இடித்துச் சாறு பிழிந்து கஞ்சியில் ஊற்றினேன். முதல் கோப்பையை அவள்தான் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாயைத் துடைத்து, நாலாம் வகுப்புக்குள் போய் இருந்தாள். வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளுக்கு நான் கஞ்சி வார்க்கத் தொடங்கினேன்.