மூன்று பாட்டில் குழாய்த் தண்ணீர்

ஆலையில் எல்லாருக்கும் அவள் கலவையக்காதான். குப்பை எரிக்கும் இடம் அது. புகைபோக்கியின் வடிகட்டிப் பைகளில் படியும் சாம்பல் அவள் பொறுப்பு. பார்க்க மாவு போல இருக்கும். உள்ளே ஈயமும் இன்னபிற விஷமும். அதைச் சிமெண்டும், ஈயத்தைக் கட்டிப்போடும் மருந்தும் சேர்த்துப் பிசைந்து, கட்டியாக இறுகவிட்டு, ஒரு துண்டை நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரில் ஈயம் கசியவில்லை என்று பரிசோதனைக் கூடம் சொன்னால்தான் கட்டிகள் புதைகுழிக்குப் போகும்.

பதினோரு வருஷமாக இதே வேலை. முகமூடியையும் தாண்டித் தொண்டை உப்புக் கரிக்கும். நகக்கண்ணில் அப்பியது எந்தச் சோப்புக்கும் மசியாது. தலை முழுகாமல் அடுப்படிக்குள் நுழையமாட்டாள். அந்த அருவருப்பெல்லாம் பழகிப்போயிருந்தது.

புதிதாக வந்த மேலாளர் மருந்தைப் பாதியாகக் குறைத்தார். கட்டி இறுகினாலும் ஊறல் தண்ணீர் சோதனையில் தேறாது என்று அவள் சொன்னாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஊறல் தண்ணீருக்குப் பதில் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அனுப்பச் சொன்னார், காபி வாங்கிவரச் சொல்கிற குரலில். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு பிடித்தாள். ஒன்றல்ல, மூன்று தடவை.

மூன்றாவது பாட்டில் போன அன்று பரிசோதனைக் கூடத்துப் பெண் போனில் சிரித்தாள். "உங்க சாம்பல் தண்ணியைக் குடிக்கவே குடிக்கலாம் போலயே அக்கா."

அவள் போனை வைத்தாள். வாஷ்பேசினுக்கு ஓடிக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அருவருப்பு மேலாளரை நினைத்தா, தன்னை நினைத்தா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவர் துளைத்தெடுத்ததும் சொல்லிவிட்டாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"குழிக்குக் கீழ்ப்பக்கம் அண்ணன் வீட்டுக் கிணறு இருக்கு. அது தெரிஞ்சுமா செஞ்சே?"

தெரியும். தெரிந்துதான் மூன்று தடவையும் பிடித்தாள்.

மறுநாள் அசல் ஊறல் தண்ணீரோடு அவளே பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். "முன்னாடி வந்த மூணும் குழாய்த் தண்ணி. பிடிச்சது நான்தான்."

விசாரணை நடந்தது. மேலாளர் பழியை அவள் தலையில் கட்டப் பார்த்தார். அவர் பூட்டிச் சாவி வைத்திருந்த கிடங்கில் பிரிக்காமல் கிடந்த மருந்து மூட்டைகள் அவரைக் காட்டிக்கொடுத்தன. ஆனால் அவர் வேலை போகவில்லை, வேறு ஆலைக்கு மாற்றினார்கள். வழியனுப்ப விருந்து வேறு. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

புதைத்ததைத் தோண்டி, உடைத்து, முழு மருந்தோடு மறுபடி பிசையும் வேலை அவளுக்கே வந்தது. இரண்டு மாதம் இடுப்பு ஒடிந்தது. கிணறு நல்லவேளையாகக் கெடவில்லை. ஆனாலும் கணவரின் அண்ணன் அவளிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் அதைக் குறையாகச் சொல்வதும் இல்லை.