பின்பலகையில் ஐந்து அங்குலம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் குடிக்கிறவன் இல்லை, கதை கட்டுகிறவனும் இல்லை. முப்பத்தொரு வருடமாகச் சின்ன மீன்பிடிப் படகுகளுக்கு ரிப்பேர் பார்க்கிறவன். அளவு டேப் கையில் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டேன். இதையும் அளந்துதான் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த அயோக்கியத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

சின்னப் படகில் இன்ஜினைப் பின்பலகையில்தான் மாட்டுவோம். பின்னாலிருந்து வருகிற தண்ணீருக்கு அந்தப் பலகைதான் கதவு. எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் மீனவன் ஒருவன், ஏறி உட்கார்ந்தாலே படகு முனகும் அளவுக்கு ஆள், பழைய இன்ஜின் போய்விட்டது என்று என்னிடம் வந்தான். என் ஷெட்டில் ஒரு இன்ஜின் இரண்டு வருடமாக விலைபோகாமல் கிடந்தது. அதன் தண்டு குட்டை. அவன் படகில் மாட்டினால் விசிறி தண்ணீருக்குள் சரியாக இறங்காது. நான் என்ன செய்தேன்? பின்பலகையின் நடுவில் ஐந்து அங்குலம் அறுத்து இறக்கிவிட்டேன்.

"மேஸ்திரி, தண்ணி ஏறிடாதா?" என்று கேட்டான்.

"உன் வேலை மீன் பிடிக்கிறது. என் வேலையை எனக்குச் சொல்லித்தராத" என்றேன்.

பதினேழாம் நாள், வலையை இழுப்பதற்காக அவன் இன்ஜினை மெதுவாக்கியபோது பின்னாலிருந்து ஒரு அலை ஏறியது. ஏற்கெனவே இன்ஜினும் அவனும் சேர்ந்த பாரம் அங்கேதான். உள்ளே வந்த தண்ணீரும் அங்கேயே போய்த் தேங்கியது. இரண்டாவது அலைக்குப் படகு தாங்கவில்லை. நெட்டை போய்ச் சேர்ந்தான். முன்பக்கம் நின்ற அவன் தம்பி மட்டும் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்து மிதந்து கரைக்கு வந்தான். மயங்கி விழுமுன் நடந்ததை என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"தம்பிக்காரன் மீன் பெட்டியைத் தூக்கிட்டுப் பின்னாடி போயிருக்கான். பாரம் எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்தா எந்தப் படகு தாங்கும்?" என்றேன்.

வாய் கூசவில்லை. அந்தத் தம்பி இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தவன். எங்கே நின்றோம் என்பதே அவனுக்குக் குழம்பிப் போயிருந்தது. நான் சொன்னதை அவனும் நம்பிவிட்டான். அண்ணி அவனுக்குக் கதவைத் திறக்கவில்லை. அண்ணனை முழுங்கினவன் என்று ஊர் பேசியது. நான் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

படகு நான்கு மாதம் கழித்து யார் வலையிலோ சிக்கிக் கிடைத்தது. அதற்குள் விசாரணை முடிந்திருந்தது. ரிப்பேருக்கு என் ஷெட்டுக்கே வந்து சேர்ந்தது. அறுத்த இடத்தில் புதுத் துண்டு ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்தேன். நானே தேடினாலும் தடம் தெரியாது. வாங்குவதற்கு ஒருவர் வந்துவிட்டார். அவருக்காக நெடிய தண்டுள்ள இன்ஜின் மாட்டி, ஒரு வியாழக்கிழமை தனியாகச் சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பினேன்.

மாலை 5.20. காற்றே இல்லை. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது.

முன்பக்கம் இருபத்தைந்து கிலோ மணல் மூட்டை இரண்டு. நான் நடுவில். இன்ஜின் கைப்பிடியில் நீளக் குழாயைச் சொருகி அங்கிருந்தே ஓட்டினேன். பின்பக்கம் இன்ஜினைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. இந்தக் கணக்குக்குப் படகு மட்டமாக நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. முன்பக்கம் தூக்கிக்கொண்டே போனது.

5.41. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். இன்ஜினை நிறுத்திவிட்டு, பின்பலகை விளிம்பிலிருந்து தண்ணீர் வரை டேப் வைத்தேன். பதினொரு அங்குலம் இருக்க வேண்டும். எட்டுதான் இருந்தது.

மறுபடி வைத்தேன். ஏழரை.

அடியில் ஓட்டையோ என்று தடவிப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்போது ஒரு சத்தம்... க்ரீச்...

என் பக்கத்தில், பின்பக்கம் உட்காருகிற பலகை. நடுவில் வளைந்திருந்தது. ஒரு பெரிய ஆள் உட்கார்ந்தால் வளைகிற மாதிரி.

அதில் யாரும் இல்லை.

தட்டுத் தடுமாறி முன்பக்கம் ஓடினேன். மூட்டைகளை நுனிக்கு இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தேன். என் எடை எழுபத்திரண்டு. மூட்டைகள் ஐம்பது. முன்பக்கம் இறங்கியே ஆக வேண்டும்.

பின்பக்கம்தான் இறங்கியது. நான் முன்னால் நகர நகர, அங்கே பாரம் கூடியது. என்னைப் பார்த்துப் பார்த்துக் கூடியது.

எனக்கு நீச்சல் தெரியாது. படகு வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

5.58. தண்ணீர் உள்ளே வந்தது.

அலை இல்லை. பின்பலகையின் நடுவில் மட்டும் வந்தது. நான் அறுத்த இடம். ஒட்டிய துண்டு அங்கேயேதான் இருந்தது. புதுப் பெயின்ட் மினுங்கியது. அந்தத் துண்டே இல்லாதது போல, தண்ணீர் அதற்குள் புகுந்து வந்தது.

சளக்... சளக்...

முதலில் பின்பலகையின் அடி. பிறகு படகின் நடு. பிறகு என் கால் விரல்.

"நெட்டை..." என்றேன். குரல் வரவில்லை.

உட்காருகிற பலகை இன்னும் வளைந்தது.

"நான்தான் அறுத்தேன்."

தண்ணீர் நிற்கவில்லை.

"அஞ்சு அங்குலம்... நான்தான்... உன் தம்பி முன்னாடிதான் நின்னான். நான் பொய் சொன்னேன்..."

தொண்டை கிழியக் கத்தினேன். நான்கு தடவை. ஐந்து தடவை.

6.09. தண்ணீர் நின்றது.

என் முழங்கால் வரை. படகு எழவும் இல்லை, இறங்கவும் இல்லை.

6.12...

யாரோ யோசிக்கிற மாதிரி இருந்தது.

6.16...

மூச்சுவிடவே பயம்.

6.20. பலகை நிமிர்ந்தது. பின்பக்கம் பொசுக்கென்று மேலே வந்தது.

வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, நனைந்த இன்ஜின் கிளம்பாததால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தபோது மணி 7.50. கரையில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். கயிற்றை வீசினேன். ஒருவரும் பிடிக்கவில்லை. பிறகு மீனவர் சங்கத்துக் கணக்கர் மட்டும் பக்கத்தில் வந்தார்.

"நீங்க சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றார்.

"எதுல?"

"வயர்லெஸ்ல. கடல்ல இருந்த ஒன்பது படகுலயும் கேட்டிருக்கு. சங்கத்து ரூம்லயும் கேட்டுச்சு."

அந்தப் படகில் வயர்லெஸ் கிடையாது. உப்புத் தண்ணீரில் செத்துப்போனதை நானே கழற்றிக் குப்பையில் போட்டிருந்தேன்.

கணக்கர் மிச்சத்தையும் சொன்னார். நான் பேசிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இன்னொரு குரல் வந்ததாம். "சத்தமா சொல்லுங்க, மேஸ்திரி." அவ்வளவுதானாம். எனக்கு அப்படி எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் சங்கத்து அறையில் அதை ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான். கடலை விட்டபின் அங்கே வயர்லெஸ் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பி.

6.09க்கு அதே குரல் அவனைக் கேட்டிருக்கிறது.

"தம்பி, கேட்டுச்சா? இவரை என்ன பண்ணட்டும்?"

அவன் மைக்கைக் கையில் எடுத்திருக்கிறான். பதினொரு நிமிடம் பேசாமல் வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் கையிலிருந்து அதை வாங்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான்.

"இன்னைக்கு விட்டுருண்ணே."