இரண்டு தட்டுக்கு ஒரு தட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. போன நவம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, மாலை நான்கு பத்துக்கு இது எனக்கு நடந்தது. அப்போது எட்டுப் பேர் கூட இருந்தார்கள்.

என் பெயர் பிளாந்தின். அல்சாஸில், கோல்மாருக்குப் பக்கத்து மலையடிவார ஊர் ஒன்றில், ஒயின் பண்ணைக்கு வருகிறவர்களுக்கு நிலவறையைச் சுற்றிக் காட்டுவது என் வேலை. பதினொரு வருடமாக அதே படிகள், அதே பேச்சு. என் கணவன் தியேபோ அதே நிலவறையில் வேலை பார்த்தான். செப்டம்பர் அறுவடை நேரத்தில் ஏழாம் பீப்பாய்க்குள் செத்துப்போனான்.

எங்கள் பீப்பாய் ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு. கீழே சிறிய கதவு இருக்கும். அதன் வழியே ஒருவர் உடம்பைக் குறுக்கி உள்ளே போய், மரத்தில் படிந்த பொருக்கைச் சுரண்டுவார். பக்கத்துப் பீப்பாயில் சாறு நொதித்துக்கொண்டிருந்தால், அதன் வாயு தரையோடு ஊர்ந்து இதற்குள் வந்துவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூச்சு நின்றுவிடும். அதனால் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவர் நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு தட்டு தட்டுவார். வெளியே நிற்பவர் ஒரு தட்டில் பதில் சொல்வார். பதில் வராவிட்டால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும்.

அன்று வெளியே நின்றது நான்தான். காலை பத்து நாற்பதுக்கு, மேலே வாசலில் மணி அடித்தது. சுற்றுலா வேன் ஒன்று இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. தியேபோவிடம் சொல்லாமல் படியேறினேன். ஆறு நிமிடம். திரும்பி வந்தபோது உள்ளே சத்தம் இல்லை.

போலீஸிடம் இதை அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு அழக்கூட இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்கு வந்தேன். உடம்பும் மனசும் மரத்துப்போயிருந்தன. ஒரே ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. பதில் வரவில்லை என்றதும் அவன் ஏன் வெளியே வரவில்லை? இருபது வருடம் அந்த வேலை பார்த்தவன்.

நவம்பருக்கு வருகிறேன். ஏழாம் பீப்பாயை முதலாளியம்மா அப்படியே காலியாக விட்டிருந்தார். நான் மெழுகுவர்த்தியை அதன் முன்னே தரையில் வைத்தேன். வாயு வந்தால் சுடர் அணைந்துவிடும். சுடர் நன்றாகவே எரிந்தது. வந்திருந்த எட்டுப் பேருக்கும் தட்டும் வழக்கத்தைச் சொன்னேன். எப்போதும் போலச் செய்தும் காட்டினேன்.

டொக்... டொக்.

பதிலுக்கு ஒரு தட்டு கேட்டது.

லீல் நகரத்திலிருந்து வந்திருந்த எர்வே என்ற பெரியவர் சிரித்தார். "ஏங்க, யாரையோ உள்ள வச்சுப் பூட்டிட்டீங்க போல. பாவம், அவருக்கும் ஒரு கிளாஸ் ஊத்துங்க."

"ஊத்திடலாங்க," என்றேன். என் குரல் மாறவே இல்லை.

எல்லோரையும் மேலே ஒயின் சுவைக்கப் போகச் சொன்னேன். எர்வே மட்டும் தொப்பியை எங்கோ வைத்துவிட்டுப் படிப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

நான்கு பத்தொன்பது. சிறிய கதவைத் திறந்து, இடுப்பு வரை உள்ளே நுழைந்தேன். அவன்தான் என்று நினைத்தேன். உள்ளே இருட்டு, ஈர மரம், வேறு ஒன்றும் இல்லை.

உள்ளிருந்து இரண்டு தட்டு தட்டினேன்.

ஒரு தட்டு. உள்ளே அல்ல... வெளியே. என் முழங்காலுக்குப் பக்கத்தில்.

மறுபடியும் தட்டினேன். மறுபடியும் ஒன்று. நிதானமாக.

ஒரு தட்டு என்றால் என்ன அர்த்தம்? நான் இருக்கிறேன், நீ வேலையைப் பார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன்.

கால் மரத்திருந்தது. செப்டம்பரிலிருந்தே மரத்துத்தான் இருந்தது. வித்தியாசம் தெரியவில்லை.

டொக்... டொக்...

டொக்.

பின்னால் வெளிச்சம் போனது.

யாரோ என் கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள். எர்வே. என்னைப் படிவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து போட்டார். மூச்சு வாங்க நேரமானது.

"மெழுகுவர்த்தி அணைஞ்சுபோச்சும்மா. அதான் ஓடி வந்தேன்."

"நீங்களா தட்டினீங்க?"

"நான் ஏன் தட்டப் போறேன்?"

"வேற யாரு இருந்தா?"

"யாருமில்ல. உங்க காலு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது."

மறுநாள் காலை காஸ்பாரைத் தேடிப் போனேன். நிலவறைச் சுவருக்கு அந்தப் பக்கம் திராட்சை பிழியும் அறையில் வேலை பார்ப்பவர். தியேபோவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று தட்டுகிற சத்தம் கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுச்சு. அன்னிக்குக் கேட்ட மாதிரியே."

"என்னிக்கு?"

அவர் கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார்.

"நடிக்காத பிளாந்தின். அவன் ரெண்டு தட்டினான், நீ ஒண்ணு தட்டின. கடைசி வரைக்கும். அவன் தட்டு போகப் போக ஓஞ்சுபோச்சு. உன் தட்டு கொஞ்சங்கூட மாறல. நீ நிக்குறேன்னு நம்பித்தான் நான் எட்டிப் பாக்கல. அப்புறம் போலீஸ்கிட்ட போயி, அங்க இல்லவே இல்லைன்னு சொல்ற. தியேபோ மூஞ்சிக்காக வாய மூடிட்டு இருக்கேன்."

வரவேற்பு அறைக்கு வந்து செப்டம்பர் மாதத்துப் பதிவை எடுத்துப் பார்த்தேன்.

அந்த வேனில் வந்தவர்கள் பதினோரு பேர். பத்து நாற்பதிலிருந்து பத்து நாற்பத்தாறு வரை, அத்தனை பேர் முன்னாலும் நான் மேலே நின்றிருந்தேன்.