சாமிக்கு வெட்டிய கத்தி

ஆஸ்பத்திரி லேப்பில் மைக்ரோஸ்கோப்பை நம்பிப் பிழைத்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஒரு கண்ணால் உள்ளே பார்ப்பது நம் வேலை; இரண்டு கண்ணாலும் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது வந்தவர்களின் வேலை. எழுபதுகளில் நான் பதுளையில் இருந்தேன். போலீஸ் பார்சல்கள் பரிசோதனைக்குக் கொழும்பு போகும். அதற்கு முன் எங்கள் யாழ்ப்பாணத்து டாக்டர், "ஒருக்காப் பாரும்" என்று அவற்றை என் மேசைக்குத் தள்ளிவிடுவார்.

நானாவின் வெள்ளைச் சட்டை

பஜாரில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் 'நானா', பக்கத்துக் கடைக்காரன் அடித்து ரத்தக் காயம் என்று போலீசுக்குப் போனார். காயத்தைக் காணோம், சட்டையில் மட்டும் சிவப்பாகக் கறை. கறையைக் கரைத்து மருந்து விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறமாலைக் குழலில் பார்த்தேன். குழலுக்குள் வானவில் மாதிரி நிறங்கள் தெரியும். ரத்தமாக இருந்தால் பச்சைப் பக்கம் இரண்டு கறுப்புக் கோடு விழும். ஒரு கோடும் விழவில்லை. சண்டையில் அவன் துப்பிய வெற்றிலைச் சாறு என்று சொன்னேன். நானாவின் முகம் வாடிவிட்டது.

"தம்பி, ரத்தமெண்டா கேஸு, வெத்திலையெண்டா எனக்குத்தானே மானக்கேடு! எப்படியாச்சும் ஒரு கோடு போட்டுத் தாங்களேன்" என்றார்.

சார்ஜன் பிடித்த ஆள்

பார்சல் கொண்டுவரும் சிங்களப் போலீஸ் சார்ஜன் தங்கமான மனிதர். தோட்டங்களில் சுற்றிப் பழகிய தமிழ், மடமடவென்று வரும். 'க்கு' வரவேண்டிய இடத்தில் 'ஐ' வந்துவிடும், அவ்வளவுதான். "டாக்டரை பார்சல் இருக்கு" என்பார். டாக்டரைப் பார்சல் கட்டியாகிவிட்டதோ என்று முதல் நாள் நான் பயந்துதான் போனேன்.

ஒருமுறை பண்டாரவளைப் பக்கம் திருட்டுப்போன பங்களா ஜன்னலில் சிக்கிய முடி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பார்த்தால் நீலக் கம்பளி நூல். விசாரணையில் அந்த ஜன்னலுக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்த சார்ஜனும் அதே நீலத்தில்தான் ஸ்வெட்டர் போட்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தானே பார்க்கவேண்டும் என்று மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். முதன்முதலாகக் குனிகிறவர்களுக்குத் தெரிவது சொந்த இமை மயிர்தான் என்பது உங்களுக்குத் தெரியாததா?

"மாத்தயா, ஆள் புடிச்சாச்சு! தடிச்ச முடி, வளைஞ்ச முடி. நான் கண்ணு மூடுனா அவனும் ஓடுறான்!" என்றார்.

சாமி விவகாரம்

சிரிப்பு அதோடு நின்றது. அடுத்து வந்த பார்சலில் ஒரு கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவார்களே, அந்தக் கத்தி. லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் முத்தையா என்பவருடையது. அவருக்கும் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக் கந்தசாமிக்கும் ஆட்டு விஷயத்தில் வாய்ச்சண்டை. ஊரெல்லாம் கந்தசாமியைச் 'சாமி' என்றுதான் கூப்பிடும். சண்டைக்குப் பிறகு சாமியைக் காணவில்லை. கத்திப்பிடியின் இடுக்கில் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. கேட்டதற்கு முத்தையாவே ஒப்புக்கொண்டார் என்றார் சார்ஜன்: "சாமியை வெட்டினேன், அவனே சொன்னது." மறுநாள் கோர்ட்.

முத்தையாவின் மனைவி லெச்சுமி காலையிலிருந்து லேப் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் குழலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கறுப்புக் கோடும் பளிச்சென்று விழுந்தன. ரத்தமேதான். அவள் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

சுரண்டி எடுத்ததை உப்புநீரில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மனித ரத்த அணு வட்டமாக இருக்கும், நடுவில் கரு கிடையாது. இங்கே தெரிந்தவையோ முட்டை வடிவம். ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு பொட்டு. திரும்பத் திரும்பப் பார்த்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "இது மனிசன்ர இல்லை. பறவை. கோழியாத்தான் இருக்கும்" என்றார்.

வாசலுக்கு ஓடிப்போய்க் கோழி என்று சொன்னேன். லெச்சுமி எழுந்து நின்றாள்.

"ஆமாங்க, கவ்வாத்து தொடங்குறப்ப சாமிக்குச் சேவல் அறுத்தாரு. கவ்வாத்துச் சாமிக்குங்க! சாமிக்கு வெட்டினேன், சாமிக்கு வெட்டினேன்னு அதத்தானே அவரு கத்திக்கிட்டுக் கெடக்காரு!"

செத்தவர் வந்தார்

டாக்டர் அன்று சாயந்தரமே குறிப்பு எழுதி அனுப்பினார். மறுநாள் கோர்ட் கூடுவதற்கு முன், ஹாலிஎலயில் மச்சான் வீட்டில் கோபித்துக்கொண்டு தங்கியிருந்த கந்தசாமி, தான் செத்துப்போன சேதி கேட்டுப் பதறியடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். முத்தையாவை விட்டுவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உண்மையைச் சொன்னால் கண்ணும் கலங்கிவிட்டது.

முத்தையா, கந்தசாமி, சார்ஜன் மூவரும் லேப்புக்கு வந்தார்கள். கந்தசாமிக்குத்தான் ஏகப்பட்ட வருத்தம்: "ஏங்க, எத்தன பேரு கூடிப் பாத்திருக்கீங்க, எல்லாருக்கும் நான் கோழியாங்க?"

சார்ஜன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முத்தையாவிடம், "முத்தையாவை மன்னிப்பு கேக்குறேன்" என்றார். அந்த 'ஐ'யை யாரும் திருத்தவில்லை. முத்தையா கும்பிட்டார்.

"பரவால்லீங்க சார்ஜன் ஐயா. ஆனா அடுத்த கவ்வாத்துக்குச் சாமிக்குப் பொங்கல் மட்டுந்தாங்க" என்றார்.

இத்தனை வருஷம் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்த எனக்கு, ஒருவரைத் தூக்குமேடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போன அந்தச் சின்னக் 'க்கு'வைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை மட்டும் எந்த ஆஸ்பத்திரியும் கொடுத்ததில்லை.