தாலி ஏறாமலே நான் கல்யாணமானவள்

கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் கேட்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. அவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்பதுதான் அது. அம்மன் அடியார்களே, அந்தச் செய்தியை நான் ஒரு மாசி மாதத் திங்கட்கிழமை காலை, சிரம்பான் பதிவிலாகா முகப்பில், புதுச் சேலை கட்டிக்கொண்டு கேட்டேன்.

பக்கத்தில் நின்றவர் சிவா. அம்பாங்கானில் கார் டயர்க் கடை வைத்திருக்கிறார். வைகாசியில் எங்களுக்கு முகூர்த்தம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. அதற்கு முன் திருமணத்தைப் பதிய விண்ணப்பம் கொடுக்கத்தான் போயிருந்தோம். அதிகாரி என் அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சிக் சூடா காவின்," என்றார். உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே என்று அர்த்தம்.

என் அம்மாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! "எவன் சொன்னது? கழுத்தப் பாருய்யா! தாலி இருக்கா பாரு!" என்று என் தாடையைப் பிடித்து அந்த மலாய்க்கார அதிகாரியிடம் திருப்பிக் காட்டினார். அவர் பாவம், திரையைத்தான் திருப்பிக் காட்டினார். அதில் என் பெயரும் பிரகாஷ் என்ற பெயரும் கணவன் மனைவியாகப் பக்கம் பக்கமாக இருந்தன.

பிரகாஷ் யாரென்று சொல்லிவிடுகிறேன். சி ரூசாவில் வீடு. ஒன்றரை வருடத்துக்கு முன் எனக்குப் பேசிய மாப்பிள்ளை. நம்மவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் ரெஜிஸ்டர், சில மாதம் கழித்துக் கோயிலில் தாலி. தாலி ஏறும் வரை பெண் அம்மா வீட்டில்தான். நாங்களும் ஆவணியில் ரெஜிஸ்டர் செய்தோம், ஆளுக்கொரு தோசை சாப்பிட்டோம், அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம். கோயில் கல்யாணம் தையில் என்று இருந்தது. மார்கழியில் அவர் போன் செய்தார். "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், அம்மாவுக்கும் இஷ்டமில்ல," என்றார். அவ்வளவுதான். நான் அழுத அழுகையில் அம்மா சாப்பிடாமல் கிடந்தார்.

அதன்பின் நடந்ததுதான் பெரிய கூத்து. நம் தோட்டக் குடியிருப்பு மாரியம்மன் கோயிலில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். தட்டு, சேலை, மோதிரம் எல்லாம் திரும்பிப் போயின. என் தாய்மாமன் பதிவுப் பத்திரத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "முடிஞ்சிச்சு, போ. தாலி ஏறல, கல்யாணம் இல்ல," என்றார். கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். செனவாங் தொழிற்சாலையில் பொருள்களில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இந்தக் குறை மட்டும் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

பதிவிலாகாவை விட்டு வெளியே வந்தோம். சிவா என்னை விட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பார்க்கிங் இன்னும் அரை மணி நேரம் இருக்குலா. ரொட்டி சானாய் சாப்புட்டுட்டு லாயரப் பார்க்கப் போலாம்," என்றார். அந்த மனிதருக்காகவாவது இந்த முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

லாயர் ஒரு தமிழ்ப் பெண்மணி. நாங்கள் 'மிஸ்' என்றே கூப்பிடுவோம். கிழிந்த பத்திரத்தின் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"பேப்பரக் கிழிச்சா கல்யாணம் கிழியாதும்மா. சட்டத்துக்கு ரெஜிஸ்டர்தான் கல்யாணம்," என்றார்.

விவாகரத்து வாங்கலாமா என்று கேட்டேன். பதிந்து இரண்டு வருடம் ஆகாமல் அதற்கு மனுப் போடுவது கஷ்டம் என்றார். ஆனால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம், அதற்கு அந்த இரண்டு வருடக் கணக்கு இல்லை. அதில் இரண்டு வகை உண்டாம். ஏற்கெனவே கல்யாணமானவர், வயது வராதவர், மணக்கக்கூடாத நெருங்கிய உறவு, இப்படியென்றால் அது முதலிலிருந்தே கல்யாணமே இல்லை. மற்ற வகையில், நீதிமன்றம் ரத்து செய்யும்வரை கல்யாணம் கல்யாணம்தான். மிரட்டிச் சம்மதிக்க வைத்தது, மனநோய், பெண் அப்போதே வேறொருவரால் கர்ப்பமாக இருந்தது என்று அதற்குச் சில காரணங்கள் உண்டு. கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழவே இல்லை, ஒருவர் வேண்டுமென்றே மறுத்துவிட்டார் என்பதும் ஒரு காரணம்.

"உங்களது இந்தக் கடைசி ரகம்," என்றார் மிஸ். "நம்ம ஆளுங்களுக்குக் கோயில் சடங்கு முடிஞ்சாத்தான் குடும்பம். அந்தச் சடங்கையே ஒருத்தர் மறுத்துட்டா, சேர்ந்து வாழ மறுத்ததா கோர்ட் எடுத்துக்கும். ஆனா ஒண்ணு. மறுத்தது யாரு? நீங்களா, அவரா? நீங்களே மறுத்துட்டு அதையே காரணமாச் சொல்லி மனுப் போட முடியாது."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். ஏன் தெரியுமா? மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று என் தாய்மாமன் ஒரு வருடத்துக்கும் மேலாக ஊர் முழுக்க ஒரு கதை சொல்லியிருந்தார். "பையன் சரியில்ல, நாங்கதான் வேணாம்னு தூக்கிப் போட்டோம்." ராசா ஊர் மளிகைக் கடை வரைக்கும் இந்தக் கதை தெரியும். அம்மாவும் சொன்னார். என்னைக் கேட்டவர்களிடம் நானும் அதையேதான் சொன்னேன். பிரகாஷ் சொன்னதோ போனில், எழுத்தில் ஒன்றும் இல்லை. ஊரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் எங்களுக்கு எதிராகத்தான் பேசும். தன் வாயால் கெட்டது தவளை மட்டும்தானா?

மூன்று வெள்ளிக்கிழமை நம் அம்மன் முன் நின்று சண்டை போட்டேன். "தாயே, அவன் என்னை வேணாம்னு சொன்னது யாருக்கும் தெரியாம இதை முடிச்சுக் குடு," என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சிவாவின் அம்மா முகூர்த்தத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் வரம் கேட்கவில்லை, பொய்க்குப் பாதுகாப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனி உத்திரத்தன்று வேண்டுதலை மாற்றினேன். "அம்மா, வெட்கம் போனாப் போகட்டும். நிஜம் வெளிய வரட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்னதான வரிசைக்குப் போனேன். அங்கே என் தாய்மாமன் சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ பழைய கதையை அளந்துகொண்டிருந்தார். "அந்த சி ரூசாப் பையனா? நாங்கதான் வேணாம்னு..."

"யாரு யார வேணாம்னது?"

வரிசையில் ஐந்தாவது ஆளாக, வாழை இலையும் கையுமாக, பிரகாஷின் அம்மா நின்றார்! பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தங்கையோடு திருவிழாவுக்கு வந்திருக்கிறார். "ஒரு வருஷத்துக்கு மேல என் பிள்ளையக் கேவலப்படுத்திட்டுத் திரியிறது நீதானா? நாங்கதான் ஒங்க பொண்ண வேணாம்னோம்! கோயில் கல்யாணம் வேணாம்னு என் மகன் போன் பண்ணிச் சொன்னான், நான் பக்கத்துலதான் இருந்தேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்!"

தாய்மாமன் வாளியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"அத்தை, கோர்ட்டுல வந்து சொல்றீங்களா?"

அவர் திகைத்துப் போனார். நடந்ததை எல்லாம் சொன்னேன். தன் மகனும் இன்னும் சட்டப்படி கல்யாணமானவன்தான் என்று தெரிந்ததும் அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "அடி ஆத்தா! நாங்களும் கிழிச்சதோட முடிஞ்சிச்சுன்னுதானே இருந்தோம்," என்றார். அன்று இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாயசம் குடித்தோம். வேண்டி முடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. இதை நான் வேறு என்னவென்று சொல்வது?

"ரெண்டு வீடும் பேசி வெச்சு நாடகம் ஆடக்கூடாது, நடந்தத மட்டும்தான் சொல்லணும்," என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதிவிலாகாவிலிருந்து பத்திரத்தின் உறுதி செய்த நகல் எடுத்தோம். உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். பிரகாஷின் கையிலேயே அதைச் சேர்ப்பித்தார்கள். அவர் எதிர்க்கவில்லை. அவருடைய அம்மா, சொன்ன சொல் தவறாமல், பட்டுச் சேலையில் வந்து சாட்சி சொன்னார்.

என் முறை வந்தது. கோயில் கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டார்கள். பின்வரிசையில் சிவா இருந்தார். என் அம்மா தலையைக் குனிந்திருந்தார். மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டேன்.

"நான் காத்திருந்தேன். அவர் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்," என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கு வெட்கமே இல்லை. உடம்பு லேசாக இருந்தது. வெளியே வந்ததும் சிவா, "நல்ல மனுஷன்லா அவரு. எனக்குன்னு விட்டுட்டுப் போயிருக்காரு," என்றார். அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

ரத்து உத்தரவு கிடைத்து, அது முடிவாகும் வரை இன்னும் சில மாதம் பொறுத்திருந்தோம். வைகாசி முகூர்த்தம் போனது போனதுதான். பதிவிலாகாவில் என் பெயர் சரியானதும் மறுபடி ரெஜிஸ்டர் செய்தோம், மறு தையில் நம் அம்மன் சந்நிதியிலேயே சிவா தாலி கட்டினார். தாய்மாமன் இப்போது கதை அளப்பதைக் குறைத்துக்கொண்டார். முழுக்க விட்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய், இந்தக் கோயில் திருவிழா மலரில் நான் பொய் எழுத மாட்டேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ரெஜிஸ்டரோடு நின்றுபோன கல்யாணம் இருக்கலாம். பத்திரத்தைக் கிழிக்காதீர்கள், லாயரிடம் கொண்டு போங்கள். அதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நம் அம்மனிடம் வாருங்கள். மற்றவர்களிடம் சொல்லும் கதையை அவளிடம் சொல்லாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லி அழுங்கள். என்னை ஒருவர் வேண்டாம் என்று சொன்னார், ஆனால் என் தாய் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.