காலிப் புட்டி

ஊருக்கு ரயில் ஏற மல்காஜ்கிரி ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தேன். கூலிக்கு ஆள் எடுக்கும் முக்கில் இரண்டு நாள் காலையில் நின்றும் யாரும் கூப்பிடவில்லை. அதனால் ஹைதராபாத்தையே ஒதுக்கிவைத்துவிட்டேன்.

பிளாட்பார பெஞ்சில் சால்வை போர்த்திய ஒரு பெண் மடிக் குழந்தையைத் தமிழில் கொஞ்சிக்கொண்டிருந்தார். சால்வைக்குள் ஏதோ உறுமியது.

“அக்கா, போன் அடிக்குது,” என்றேன், பெரிய உபகாரம்போல.

“போன் இல்லண்ணா, பால் எடுக்கிற பம்பு,” என்று சிரித்தார். “தத்தெடுத்த பிள்ளை. எனக்கும் சுரக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

வெளியே எடுத்த புட்டியில் ஒரு சொட்டும் இல்லை.

“காலியா இருக்கே?”

“ஹவ், ஆமாண்ணா, காலிதான். விடாம கேட்டாத்தானே உடம்பு குடுக்கும்?”

நிறைந்த புட்டியைப்போல அதை நிமிர்த்திப் பைக்குள் வைத்தார்.

ரயில் வந்தது. அவர் ஏறினார், நான் ஏறவில்லை. அவருக்குப் பால் வந்ததா, தெரியாது. மறுநாள் காலை அதே முக்கில் நின்ற எனக்கு, லாலாகுடாவில் மணல் சுமக்கும் வேலை கிடைத்தது.